ஆறாவது மாடியின் மஞ்சள் ஃபோன்

தென்கொரியாவில் குன்சான் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்த ஆஸ்பத்திரியில், எட்டாவது மாடி நர்ஸுகள் மஞ்சள் ஃபோனை எடுத்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆறாவது மாடியில் அதைத் தொட ஆளில்லை. ஒரே கட்டடம், ஒரே திட்டம், ஒரே நாளில் மாட்டிய ஃபோன். ஏன் இப்படி என்று கண்டுபிடிக்கத்தான் மோ ஹேரினை ஜொன்ஜு பல்கலைக்கழகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

திட்டம் எளிமையானது. நோயாளி மோசமாகிறார் என்று ஒரு நர்ஸுக்குப் பட்டால், டாக்டரின் அனுமதிக்குக் காத்திராமல் மஞ்சள் ஃபோனை எடுக்கலாம். அவசரக் குழு ஓடி வரும். நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் இவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டால் அதுவே கூட்டிப் பார்த்து, எல்லையை நெருங்கினால் திரையை மஞ்சளாக்கும், தாண்டினால் சிவப்பாக்கும். கூப்பிடுகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஹேரின் சில வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போனவள். ஒரு மருந்து குணப்படுத்துமா என்று சோதிப்பவர்கள் வேறு. நல்லது என்று ஏற்கெனவே தெரிந்த வழக்கம் ஒன்று ஆஸ்பத்திரிக்குள் வந்தபின் ஏன் ஓரிடத்தில் வேர்விடுகிறது, ஏன் பக்கத்திலேயே பட்டுப்போகிறது என்று பார்ப்பது அவள் வேலை. அதற்கென்று அவர்கள் துறையில் ஒரு சட்டகம் உண்டு. வந்த விஷயம் எப்படிப்பட்டது, வெளியிலிருந்து யார் நெருக்குகிறார்கள், உள்ளே யார் பேச்சு செல்லும், செய்ய வேண்டியவர்கள் மனதில் என்ன இருக்கிறது, அதை எந்த விதத்தில் கொண்டு வந்து இறக்கினார்கள். இந்த ஐந்தையும் விடாமல் கேட்டால் காரணம் எங்காவது அகப்படும் என்று அவள் நம்பினாள்.

ஆறாவது மாடியில் ஒன்றும் அகப்படவில்லை. அது அறுவை சிகிச்சைப் பிரிவு. பேட்டி கொடுத்த நர்ஸுகள் எல்லோரும் பாடம் ஒப்பிப்பதுபோல ஒரே பதில் சொன்னார்கள்: நல்ல திட்டம், தடை ஒன்றும் இல்லை, கூப்பிடும்படி யாருக்கும் மோசமாகவில்லை. வயிற்று அறுவை சிகிச்சை செய்யும் பேராசிரியர் குவாக் சங்தே பேட்டிக்கே பிடி கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஆபரேஷன் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். பொய்யுமில்லை. அவருக்கு எப்போதும் ஆபரேஷன் இருந்தது.

சா மிரான் என்ற நர்ஸ்தான் முதலில் வாய் திறந்தாள். பேட்டி முடிந்து ஹேரின் ரெக்கார்டரை அணைத்தபிறகு, எந்தக் காலேஜில் படித்தீர்கள் என்று விசாரித்தாள். இருவரும் ஒரே நர்ஸிங் காலேஜ், ஆறு வருஷ இடைவெளி என்று தெரிந்ததும் 'மேடம்' போய் 'அக்கா' வந்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்ததைச் சொன்னாள்.

ஃபோன் மாட்டிய புதிதில் நா யூபின் என்ற சின்னப் பெண், குவாக்கின் நோயாளி ஒருவருக்காக அதை எடுத்திருக்கிறாள். குழு வந்து பார்த்தால் ஒன்றுமில்லை, வெறும் பயமும் படபடப்பும்தான். குவாக் அவளைத் திட்டவில்லை. மறுநாள் காலைச் சுற்றில் நோயாளி முன்னாலேயே அவளைப் பார்த்து, "குறி சொல்ற அம்மா, இவர் இன்னிக்குப் பிழைப்பாரா?" என்று கேட்டார். கூட வந்த இளம் டாக்டர்கள் சிரித்தார்கள். அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும். மற்ற நர்ஸுகளும் அவளோடு சாப்பிட உட்காருவதை நிறுத்தினார்கள். யாருக்கும் அவள்மேல் கோபமில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைக் குவாக் பார்த்துவிடக் கூடாதே என்றுதான். மழைக்காலம் முடியுமுன் யூபின் வேலையை விட்டுவிட்டாள்.

"நானும்தான் எந்திரிச்சு வேற மேஜைக்குப் போனேன்," என்றாள் மிரான். "இதை எழுதாதீங்கக்கா."

ஹேரின் எழுதவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆறாவது மாடியில் உட்கார்ந்து நேரில் பார்ப்பதற்கு அனுமதி வாங்கினாள். விதிமுறை கறாரானது. பார்க்கலாம், எழுதலாம், வேலையில் குறுக்கே வரக்கூடாது. நோயாளிக்கு ஆபத்து என்று தோன்றினால் பொறுப்பில் இருக்கும் நர்ஸிடம் சொல்லலாம்.

அந்த வியாழக்கிழமை பிற்பகல் பொறுப்பில் இருந்தது மிரான்.

ஜன்னலோரக் கட்டிலில் யோம் தொக்சூ என்பவர் படுத்திருந்தார். மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்ப்பவர். புற்றுநோய்க்காகக் குவாக் அவருடைய இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்திருந்தார். காலையில் மனிதர் நன்றாகத்தான் இருந்தார். ஹேரினைப் பார்த்து, நாள் பூரா உக்காந்து எழுதறியே, என் குறட்டைக்கு மார்க் போடறியாம்மா என்று கேலி பேசினார். அவர் மனைவி கப்சுன், இவருக்குப் போட்டால் தேசத்திலேயே முதல் மார்க் வாங்குவார் என்றாள். அறை முழுக்கச் சிரித்தது.

மதியத்துக்குப் பிறகு அவர் இடது தோளைத் தேய்த்துக்கொள்ள ஆரம்பித்தார். வயிற்றில் அறுவை நடந்தவருக்குத் தோளில் வலி என்றால், உள்ளே ஏதோ கசிகிறதோ என்று நர்ஸாக இருந்த யாருக்கும் ஒரு சந்தேகம் தட்டும். ஹேரினுக்கும் தட்டியது. மிரான் வந்து பார்த்தாள். நாடி வேகமாக ஓடியது. வயிற்றிலிருந்து வெளியே விட்டிருந்த குழாயில் காலையில் தெளிவாக இருந்த நீர் இப்போது கலங்கியிருந்தது. மிரான் ஆபரேஷன் தியேட்டருக்குத் தோள் வலி என்று மட்டும் செய்தி அனுப்பினாள். குவாக் உள்ளே இன்னொரு வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தியேட்டர் நர்ஸ் வழியாகப் பதில் வந்தது: வலி ஊசி போடுங்கள், முடித்துவிட்டு வருகிறேன்.

ஊசி போட்டார்கள். தோள் வலி கொஞ்சம் அடங்கியது. ஆனால் அவர் எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடினார்.

"கடல் தண்ணி வத்தப்போகுது," என்றார். "படகைக் கிளப்பணும். சேத்துல மாட்டிக்கிட்டா நாளைக்குத்தான் எடுக்க முடியும்."

"தோங்ஹோ அப்பா, இது ஆஸ்பத்திரி," என்றாள் கப்சுன், எப்போதும்போல மகன் பெயரால் கணவரை அழைத்து. "படுங்க."

அவர் மனைவியை யாரோபோலப் பார்த்தார். நெற்றி, கழுத்து எல்லாம் வேர்த்திருந்தது, கை மட்டும் சில்லென்று இருந்தது. மிரான் அவரைப் படுக்கவைத்து, நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஹேரினும் தன் நாற்காலியிலிருந்தபடியே எண்ணினாள். எண்ணக் கூடாது என்று சட்டமில்லை. நிமிஷத்துக்கு முப்பத்திநாலு.

மிரான் கம்ப்யூட்டர் வண்டியை இழுத்து நாடியைப் போட்டாள், அழுத்தத்தைப் போட்டாள். மூச்சுக்கான கட்டம் வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது. உண்மையான எண்ணைப் போட்டால் திரை சிவக்கும். சிவந்த திரையைப் பார்த்துக்கொண்டு ஃபோனை எடுக்காமல் இருக்க முடியாது. இருபது என்று போட்டால் மஞ்சளோடு நின்றுவிடும், குவாக் வரும்வரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த மாடியில் இதுவரை ஏன் யாருக்கும் "மோசமாகவே இல்லை" என்பது ஹேரினுக்கு அந்த நொடியில் புரிந்தது. ஆராய்ச்சிக்காரிக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. அவள் அதை எழுதாமல் நோட்டை மூடினாள்.

எழுந்து பக்கத்தில் போய் நின்றாள்.

"மிரான், எத்தனை எண்ணினே?"

"நீங்க பேசக் கூடாதுல்லக்கா."

"பொறுப்பு நர்ஸ்கிட்ட சொல்லலாம். சொல்றேன். இவருக்கு உள்ளுக்குள்ள தையல் விட்டிருக்கு."

"எனக்குத் தெரியாதா?" மிரான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க அடுத்த வாரம் ஜொன்ஜுவுக்கு பஸ் ஏறிடுவீங்க. நான் நாளைக்குக் காலைல இதே கட்டில் பக்கத்துல நிக்கணும்."

அந்தப் பெண் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. விதிமுறை சொன்னதையும் செய்தாகிவிட்டது. பொறுப்பு நர்ஸிடம் ஹேரின் சொல்லிவிட்டாள், பொறுப்பு நர்ஸுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதற்கப்புறம் என்ன செய்வது என்று விதிமுறையில் யாரும் எழுதி வைக்கவில்லை.

கப்சுன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னம்மா? என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்."

தொக்சூவின் உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. ஹேரின் நடந்து போய்ச் சுவரிலிருந்த மஞ்சள் ஃபோனை எடுத்தாள். இரண்டாவது மணி அடிக்குமுன் மறுமுனையில் ஒரு பெண் பேசினாள். எந்த மாடி, எந்தக் கட்டில், யார் பேசுவது என்று கேட்டாள். ஹேரின் மாடியையும் கட்டிலையும் சொன்னாள். பெயரைச் சொல்லி, ஆராய்ச்சிக்கு வந்திருப்பதாகச் சொன்னாள்.

மறுமுனை தயங்கியது. "வெளியாள் கூப்பிட்டா வர எங்களுக்கு அனுமதி இல்ல. ஒரு நர்ஸ்கிட்ட குடுங்க."

ஹேரின் ரிசீவரை நீட்டிக்கொண்டு திரும்பினாள். சுருள் வயர் கட்டில்வரை எட்டவில்லை. மிரான் ஒரு கையால் நோயாளியின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அறையில் இருந்த மற்ற நோயாளிகளும், வாசலில் மருந்துத் தட்டோடு வந்து நின்ற இன்னொரு நர்ஸும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அசையவில்லை. "ஹலோ," என்று ரிசீவர் சின்னதாகக் கூப்பிட்டது.

மிரான் கப்சுனின் கையை எடுத்துக் கணவர் தோளில் வைத்தாள், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்படி. வந்து ரிசீவரை வாங்கினாள்.

"நர்ஸ் சா மிரான், ஆறாவது மாடி. மூச்சு முப்பத்திநாலு. ஆளுக்கு நெனவு தடுமாறுது. சீக்கிரம் வாங்க."

குழு வந்தது. ஆக்சிஜன், ரத்த மாதிரி, ஸ்கேன் என்று கட்டிலையே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். தையல் விட்டிருந்தது, வயிறு முழுக்கச் சீழ் பரவிக்கொண்டிருந்தது. கையிலிருந்த ஆபரேஷனை முடித்த குவாக், சாப்பிடாமலேயே அடுத்த மேஜைக்குப் போய்த் தொக்சூவின் வயிற்றை மறுபடி திறந்து கழுவினார். இன்னும் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று சாயங்காலம் தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர் கப்சுனிடம் சொல்லவில்லை. மிரானிடம் சொன்னார்.

மறுநாள் காலைச் சுற்றுக்கு ஆறாவது மாடி முழுவதும் நேரத்துக்கு முன்பே வந்து நின்றது. ஹேரினும் நின்றாள். குவாக் ஐம்பத்தெட்டு வயதுக்காரர், குள்ளம், அளந்து பேசுபவர். ஜன்னலோரக் காலி இடத்துக்கு வந்ததும் நின்றார். இளம் டாக்டர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"ஃபோனை எடுத்தது யாரு?"

"நான்," என்றாள் ஹேரின்.

"பேர் சொன்னது நான் சார்," என்றாள் மிரான்.

குவாக் ஹேரின் பக்கம் திரும்பவே இல்லை. "தோள் வலின்னு எனக்குச் சொல்லி அனுப்பினே. நாடி வேகமா ஓடினதைச் சொல்லல. குழாய்த் தண்ணி கலங்கினதைச் சொல்லல. அதைச் சொல்லியிருந்தா வலி ஊசி போடச் சொல்லியிருப்பேனா?"

"மாட்டீங்க சார்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

மிரானின் காது நுனிகள் சிவந்திருந்தன. கை இரண்டையும் முன்னால் கோத்துக்கொண்டாள். "சொல்லி, அது ஒண்ணுமில்லாமப் போயிருந்தா, இன்னிக்கு என்கிட்ட குறி கேட்டிருப்பீங்க."

குவாக் அவளைப் பார்த்தபடியே நின்றார். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய், அங்கே படுத்திருந்தவரிடம் நேற்று வாயு பிரிந்ததா என்று கேட்டார்.

அன்று மிரானோடு சாப்பிட யாரும் உட்காரவில்லை. ஹேரின் உட்கார்ந்தாள். இருவரும் கடற்பாசி சூப்பில் சோற்றைப் போட்டுக் கரைத்துச் சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில், முந்தின நாள் வாசலில் மருந்துத் தட்டோடு நின்ற நர்ஸ் தன் சாப்பாட்டுத் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். தன் கிம்ச்சி ஊறுகாயை மிரான் பக்கம் நகர்த்தினாள்.

அடுத்த வாரம் குவாக்கே ஹேரினைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். ரெக்கார்டரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவள் ஐந்து கேள்விகளையும் முறையாக ஆரம்பித்தாள். முதல் கேள்வியிலேயே அவர் கையமர்த்தினார்.

"வயித்தைத் திறந்தது நான். தூக்கத்துலகூட அந்தத் தையலை நெனச்சுக்கிட்டிருக்கிறவன் நான். ஒரு நாள் காலைல வந்து பாக்கறேன், சுவத்துல ஒரு ஃபோன் தொங்குது. இனிமே என் நோயாளிக்கு ஒண்ணுன்னா எனக்கு முன்னாடி அடுத்தவனுக்குத் தெரியும்னு அர்த்தம். வேணுமா வேண்டாமான்னு ஒருத்தன் என்னைக் கேக்கல."

"அதுக்கு அந்தப் பொண்ணு என்ன சார் பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணல," என்றார் அவர். "நா யூபின். பேர் ஞாபகம் இருக்கு."

எட்டாவது மாடியில் என்ன நடந்தது என்று ஹேரின் சொன்னாள். அங்கே தலைமை டாக்டரை முதலிலிருந்தே கூட்டத்தில் உட்காரவைத்திருந்தார்கள். எந்த எண்ணில் திரை சிவக்க வேண்டும் என்று அவர் வாரக்கணக்கில் சண்டை போட்டிருந்தார். சண்டை போட்டு முடித்தபோது அது அவருடைய ஃபோனாகிவிட்டது. குவாக் கேட்டுக்கொண்டார். என்னையும் சண்டைக்குக் கூப்பிட்டிருக்கலாமே என்றார்.

இதையெல்லாம் அவள் எழுதப்போவதை மேலே இருப்பவர்கள் ரசிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அங்கீகாரம் கொடுக்கும் குழு வரப்போகும் நேரம் அது. தர நிர்ணய அலுவலகத்தின் தலைவர் பியோ, ஆறாவது மாடியிலும் ஃபோன் ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று அறிக்கையில் ஒரு வரி போதும் என்று ஹேரினிடம் இனிமையாகக் கேட்டுக்கொண்டார். அது காப்பாற்றவில்லை என்றாள் அவள். வெளியாள் ஒருத்தி கையில் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது, அதைத்தான் எழுதுவேன் என்றாள். அப்படியானால் நீங்கள் குறுக்கிட்டதையும் எழுத வேண்டியிருக்குமே, பல்கலைக்கழகம் என்ன சொல்லும் என்றார் பியோ. குரலில் இனிமை குறையவில்லை.

பல்கலைக்கழகம் சொன்னது. ஒழுங்குக் குழு அவளைக் கூப்பிட்டு விசாரித்தது. ஆறாவது மாடியின் மீதி நாட்களுக்கு அவள் போகக் கூடாது, வேறு ஆள் போகட்டும் என்று முடிவானது. அவளுடைய பேராசிரியை, அந்த வியாழக்கிழமையை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் ஆய்வு சுத்தமாக நிற்கும் என்று ஆலோசனை சொன்னாள். அந்த ஒரு நாளில்தான் அந்த மாடி எனக்குப் புரிந்தது என்று ஹேரின் வாதாடினாள். பல நாள் இழுபறிக்குப் பின், நான் ஃபோனை எடுத்தேன் என்ற வாக்கியத்தோடேயே அறிக்கை போனது. அடுத்த கட்ட ஆய்வை ஆஸ்பத்திரி வேறொரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டது. ஹேரினுக்கு அது வலித்தது. வலிக்கவில்லை என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் அறிக்கையைக் குவாக் படித்தார். திட்டக்குழுவின் கூட்டத்துக்கு அழைப்பில்லாமலே போய் உட்கார்ந்து, ஒரே ஒரு விஷயத்துக்காகச் சண்டை போட்டார். ஆறாவது மாடியில் மஞ்சள் ஃபோனை எடுத்தால் அதே நொடியில் தன் தியேட்டரிலும் மணி அடிக்க வேண்டும், நாடி, மூச்சு எண்களை யாராவது தன் காதுபட வாசிக்க வேண்டும். ஒத்துக்கொண்டார்கள். யூபினுக்கு அவர் கடிதம் எழுதினார் என்று ஒரு பேச்சு உண்டு. உண்மையா என்று தெரியாது. மிரான் ஒருமுறை யூபினிடம் ஃபோனில் பேசினாள். அவள் பக்கத்து ஊரான இக்சானில் தடுப்பூசி போடும் ஒரு சின்ன க்ளினிக்கில் இருந்தாள். திரும்பி வருகிறாயா என்றதற்கு, வேண்டாம் அக்கா என்று மட்டும் சொன்னாள்.

தொக்சூ பல வாரம் கழித்து, பாதியாக இளைத்து வீடு போனார்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் மிரான் ஹேரினைக் கூப்பிட்டாள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், குவாக்கின் நோயாளிக்காக மஞ்சள் ஃபோனை எடுத்துவிட்டாளாம். தியேட்டரில் மணி அடித்து, குவாக் தன் உதவியாளரிடம் கத்தியைக் கொடுத்துவிட்டுக் கையுறையை உருவிப் போட்டு மேலே வந்திருக்கிறார். குழுவும் வந்துவிட்டது. பார்த்தால் ஒன்றுமில்லை. நோயாளி மகனோடு சண்டை போட்டதில் மூச்சு வாங்கியிருக்கிறது.

"அந்தப் பொண்ணு சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டா. எல்லாரும் அவர் வாயையே பாக்கறோம்."

"என்ன சொன்னார்?"

"குறியெல்லாம் கேக்கல. நோயாளியோட போர்வையை விலக்கினார். வந்தது வந்தாச்சு, காயத்தையும் பாத்துட்டுப் போயிடறேன், கட்டுத்துணி எடுத்துட்டு வான்னு அந்தப் பொண்ணையே அனுப்பினார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கட்டுப் போட்டோம்."